அழகும் பழுதும்: பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா?

ஐரோப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க வேண்டும் என்பது உங்கள் நெடுநாள் ஆசை. ஜாகுவார் இ-டைப், ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், ஃபெராரி 308 ஆகிய மூன்றில் ஒன்றை வாங்கும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. ஆனால் விசாரிக்கும் இடமெல்லாம் இவை அடிக்கடி நின்றுபோகும் வண்டிகள் என்கிறார்கள். அது உண்மையா, உண்மையென்றால் வாங்குவது புத்திசாலித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் எந்தக் குறை அந்தக் காரோடு பிறந்தது, எந்தக் குறை பிற்பாடு அதன்மேல் ஏற்றப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகே வாங்க வேண்டும். பிறவிக் குறைகள் எண்ணிக்கையில் குறைவு, எல்லோருக்கும் தெரிந்தவை, பெரும்பாலானவற்றுக்கு மாற்றுவழியும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிற்பாடு வந்து சேர்ந்தவைதான் உரிமையாளரின் பணத்தையும் பொறுமையையும் கரைக்கின்றன.

முதலில் பிறவிக் குறைகளைப் பார்ப்போம். இவற்றில் பல அலட்சியத்தால் வந்தவை அல்ல. நாம் எதை அழகு என்று வியக்கிறோமோ, எதை ஓட்டும் இன்பம் என்று அனுபவிக்கிறோமோ, அதற்காகவே கொடுக்கப்பட்ட விலை. இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிவிட்டு வந்த மால்கம் சேயர், காற்று எப்படி ஓடும் என்பதைக் கணக்கிட்டே அதன் உருவத்தை வரைந்தார். அந்தத் தாழ்ந்த நீண்ட மூக்கின் முன்திறப்பு மிகச் சிறியது. அதன் பின்னால் 3.8 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் நெருக்கமாக அமர்ந்திருக்கிறது. திறந்த சாலையில் வேகமாகச் செல்லும்போது இதனால் தொல்லையில்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. வெப்பமானியின் முள் ஏறத் தொடங்குகிறது. பின்சக்கர பிரேக் டிஸ்க்குகளைச் சக்கரத்தோடு வைக்காமல், நடுவில், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் இருபுறமும் பொருத்தியிருக்கிறார்கள். சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை குறைவதால் கரடுமுரடான சாலையிலும் அந்தக் கார் அத்தனை மென்மையாகச் செல்கிறது. ஆனால் டிஸ்க்கின் சூடு எண்ணெய் கசியாமல் தடுக்க அருகிலிருக்கும் ஆயில் சீலைக் காய வைக்கிறது. சீல் கசிந்தால் எண்ணெய் அந்த டிஸ்க்கின் மேலேயே படிகிறது. அதை முறையாகச் சரிசெய்யப் பெரும்பாலும் பின்புற அமைப்பு முழுவதையும் கழற்றிக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. சொகுசும் தொல்லையும் ஒரே வடிவமைப்பு முடிவிலிருந்து வந்தவை என்பதைப் புரிந்துகொண்டவர் இந்தக் காரின்மீது கோபப்படமாட்டார் என்று நம்புகிறேன்.

1954-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. கதவுகள் பறவையின் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும் அந்தக் காரில், பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை இருந்தது. சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்பட்ட கார்களில் அது அந்நாளில் பெரும் புதுமை. பீய்ச்சும் பம்பை எஞ்சினே இயந்திர முறையில் சுழற்றுகிறது. அதனால் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்சின் முழுவதும் நிற்கும்வரை பம்ப் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அடிக்கடி சிறு தூரம் ஓட்டி நிறுத்துகிறவர்களின் எஞ்சின் இதனாலேயே விரைவில் தேய்கிறது. நீண்ட தூரம் ஓட்டி, எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, குறித்த காலத்துக்கு முன்பே அதை மாற்றிவிடுகிறவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. ஒரே கார் ஒருவரிடம் நம்பகமாகவும் இன்னொருவரிடம் நோயாளியாகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

1962-இல் வந்த லோட்டஸ் எலானில் எடையைக் குறைப்பதே எல்லாமாக இருந்தது. முதுகெலும்புபோல நடுவே ஓடும் மடித்த தகட்டுச் சேசிஸ் (காரைத் தாங்கும் சட்டம்), அதன்மேல் ஃபைபர் உடல், பின்சக்கரங்களுக்கு விசை கடத்தும் ரப்பர் இணைப்புகள். உள்ளே மடங்கிக்கொள்ளும் முகப்பு விளக்குகளை எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல் இயக்குகிறது. அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் தொட்டியாக சேசிஸின் முன் குறுக்குச்சட்டமே பயன்படுகிறது. சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் விளக்குகள் சரியாக எழுந்து நிற்பதில்லை. எலானைப் பார்க்கப் போகிறவர் விளக்கின் சோம்பலைக் கண்டால் சேசிஸைப் பற்றிக் கேட்க வேண்டும்.

எல்லாப் பிறவிக் குறைகளும் இப்படிக் கௌரவமானவை அல்ல. டிரையம்ஃப் ஸ்டாக் 1970 முதல் 1977 வரை தயாரானது. ஜொவானி மிக்கெலொட்டி வரைந்த இனிய உருவம், 3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், செவிக்கு இதமான ஓசை. ஆனால் சிலிண்டர்கள் உள்ள இரும்பு பிளாக்கின் மேல் மூடிபோல அமரும் அலுமினிய ஹெட், அந்த ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் என்னும் திருகுக் கம்பிகளில் பாதி சாய்வாக அமைந்திருப்பது, எஞ்சினின் மேற்பகுதியில் உயரமாக இருப்பதால் குளிர்நீர் சற்றுக் குறைந்தாலே வறண்டுபோகும் வாட்டர் பம்ப், வார்ப்பின்போது உள்ளே தங்கிவிட்ட மணல் நீர்ப்பாதைகளை அடைத்தது என்று தொல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, சூடேறி ஹெட் வளையும் கார் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. எஞ்சினையே தூக்கி எறிந்துவிட்டு வேறொரு வி8-ஐப் பொருத்திக்கொண்ட உரிமையாளர்கள் ஏராளம். பொறுமையுள்ள உரிமையாளர் சங்கங்களும் நிபுணர்களும் பிற்காலத்தில் அந்த எஞ்சினைக் கழற்றி, நீர்ப்பாதைகளை முழுவதும் சுத்தம் செய்து, ரேடியேட்டரைப் பெரிதாக்கி, துரு தடுக்கும் கூலன்ட்டைத் தவறாமல் மாற்றி ஓட்டியபோது, அதே எஞ்சின் ஒழுங்காக உழைத்தது. இன்று தன் சொந்த எஞ்சினோடு இருக்கும் ஸ்டாக்கையே வாங்குகிறவர்கள் விரும்புகிறார்கள். ஒரு காரின் பழைய கெட்ட பெயர் இன்றைய நிலையைச் சொல்வதில்லை. நடுவே அதன்மேல் யார் கை வைத்தார்கள் என்பதே சொல்லும்.

இனி பிற்பாடு வந்து சேரும் குறைகள். இவற்றில் தலையாயது துரு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எஞ்சின் என்பது கழற்றி மேசைமேல் வைத்து, அளந்து, புதுப் பாகங்கள் போட்டு மீட்கக்கூடியது. அதற்கு ஆகும் செலவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தகடு அப்படியல்ல. அக்காலத்து கார்கள் பலவற்றில் உடலே சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி பல அடுக்குத் தகடுகளால் ஆனது. உள்ளே பெயிண்ட் போகாது, ஈரம் போகும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே இரண்டு அடுக்குகள் அரித்துப்போயிருக்கும். ஆல்ஃபா ஸ்பைடரின் பெரிய எதிரி இதுதான். இ-டைப்பில் எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம் மெல்லிய உயர்தர எஃகுக் குழாய்களால் ஆனது. அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும், மேலே பூசிய பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது ஆபத்து, புதுச் சட்டம் மாற்றுவதே முறை. ஃபெராரி 308-இன் 1975 முதல் 1977 வரையிலான தொடக்கக் கார்களில் உடல் ஃபைபரால் ஆனது. அதற்குப் பிறகு எஃகு வந்தது. ஃபைபர் உடல் துருப்பிடிக்காது என்று நிம்மதியடையக் கூடாது. அடியில் இருக்கும் சட்டம் எஃகுதான். போர்ஷே தன் 911-இன் உடல் தகடுகளுக்கு 1976 மாடல் முதல் துத்தநாகப் பூச்சுத் தந்தது. அதற்குப் பிந்தைய 911-கள் இன்று மிகுதியாகத் தப்பிப் பிழைத்திருப்பதில் அந்தப் பூச்சுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே எஞ்சின் தொய்ந்திருந்தாலும் உடல் திடமாக உள்ள காரை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இனிமையாகப் பாடினாலும் உடல் அரித்த காரை விட்டுவிடுங்கள். புதிதாக பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்திய கார் என்னை எப்போதும் எச்சரிக்கை கொள்ளச் செய்கிறது. வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் மட்டுமே அந்தப் புதுப் பளபளப்புக்கு மதிப்பு உண்டு. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பார்த்தால் எங்கே பட்டியைப் பூசி மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, மின்சாரம். பிரிட்டிஷ் கார்களின் மின்கருவிகளைச் செய்த லூகாஸ் நிறுவனத்தை "இருளின் இளவரசன்" என்று கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. இந்தக் கேலி நோயைக் கண்டுபிடிக்க உதவுவதில்லை என்பதே என் வருத்தம். அக்காலக் கார்களில் மின்சுற்று உடல் தகட்டின் வழியாகத்தான் பூர்த்தியாகிறது. விளக்கு பொருத்திய இடத்திலும் எஞ்சினிலிருந்து உடலுக்கு வரும் பட்டையிலும் துரு படிந்தால் மின்சாரம் வேறு வழி தேடுகிறது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது இப்படித்தான். பழுது என்று கழற்றி வீசப்பட்ட விளக்குகளிலும் மோட்டார்களிலும் கணிசமான பங்கு நல்ல நிலையில் இருந்தவையே. இப்படி உடலோடு இணையும் எர்த் முனைகள் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குவதற்கு ஒரு நாள் போதும்; அதற்கு இணையான பலன் தரும் வேலை பழைய காரில் வேறில்லை. பல ஆண்டுகளாகப் பலர் கூடுதலாக இழுத்துச் செருகிய வயர்கள்தான் உண்மையான அபாயம். அலாரம், ரேடியோ, மூடுபனி விளக்கு என்று ஒவ்வொருவரும் ஒரு வயரைச் சேர்த்திருந்தால், பழைய வயரிங் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதுத் தொகுதி போடுவதே சிக்கனம். 3.8 லிட்டர் இ-டைப் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இதை அறியாமல் இன்றைய கருவியை இணைத்தால் கருவி அந்தக் கணமே கெட்டுவிடும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் காரணமாகவே எண்ணுவதில்லை: ஓட்டாமல் வைப்பது. ரப்பருக்கு வயது கிலோமீட்டரால் ஏறுவதில்லை, ஆண்டுகளால் ஏறுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைத்து பிரேக்கை இறுக்கிவிடும். ஆகையால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. பட்டன்கள் தேயாமல் புதிதுபோலத் தோன்றினாலும் பத்து ஆண்டைக் கடந்த டயரில் வேகமாகச் செல்லாதீர்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கி விரிசல் விடச் செய்கிறது; நீரைக் கவர்ந்து தொட்டியின் அடியில் தங்கவும் செய்கிறது. கார்புரேட்டருக்குக் கீழே சூடான எக்ஸாஸ்ட் குழாய் ஓடும் எஞ்சின்களில் கசியும் பெட்ரோல் குழாய் என்பது தீவிபத்தே. 1966-இல் வந்த லம்போர்கினி மியூரா பல இப்படி எரிந்து அழிந்திருக்கின்றன. எந்தக் காரை வாங்கினாலும் முதல் வேலையாக எல்லா பெட்ரோல் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் புதியவற்றால் மாற்றுங்கள். கை எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்றை வையுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2021-இல் உலகின் கடைசி நாட்டிலும் நின்றுபோனது. இதனால் பழைய எஞ்சின் கெடுமா என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஈயம், எக்ஸாஸ்ட் வால்வ் அமரும் இருக்கையைத் தேயாமல் காத்தது. இருக்கையை இரும்பு ஹெட்டிலேயே கடைந்த எஞ்சின்களுக்குத்தான் இதில் பிரச்சினை. அலுமினிய ஹெட்டுள்ள எஞ்சின்களில் தனி இருக்கை வளையம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருப்பதால் தொல்லை குறைவு. நீங்கள் சொன்ன மூன்று கார்களுக்கும் அலுமினிய ஹெட்தான்.

மாற்றங்கள் செய்யலாமா என்பதைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. பழையதை அப்படியே காப்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது. ஆயினும் ஓட்டப்படாத கார் காக்கப்பட்டதாகாது. தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் கான்டாக்ட் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், வலுவான ரேடியேட்டர் விசிறி, முகப்பு விளக்கின் மின்சுமையைப் பழைய சுவிட்சிலிருந்து விலக்கும் ரிலே ஆகிய மூன்றையும் தயங்காமல் பொருத்தலாம்; இவை கண்ணில் படுவதில்லை, எப்போது வேண்டுமானாலும் கழற்றி பழையதை மாட்டிக்கொள்ளலாம், கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்தினால் போதும். தகட்டை வெட்டியோ துளையிட்டோ செய்யும் மாற்றத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் மூன்று கார்களுக்கு வருகிறேன். ஃபெராரி 308-இன் 2.9 லிட்டர் வி8 எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்களைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினின் பாதி போய்விடும். ஆகவே ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். 308-இல் எஞ்சினை இறக்காமலே இதைச் செய்யலாம். 1984-இல் வந்த டெஸ்டரோசாவில் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும் என்பதை நினைத்தால் இது பெரிய சலுகை. ஆனாலும் இந்தக் காரில் சிறு பாகமும் பெரும் விலை. இதற்கு முன் வைத்திருந்தவர்கள் செலவுக்கு அஞ்சிப் பராமரிப்பைத் தள்ளிப்போட்டிருந்தால், அந்தக் கடன் முழுவதும் உங்கள் தலையில் விழும். ரசீதுகள் தொடர்ச்சியாக இல்லாத 308-ஐ எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

இ-டைப்பின் நிலை வேறு. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் நெடுநாள் உழைக்கும் இனம். ஏறத்தாழ எல்லாப் பாகங்களும் புதிதாகவே கிடைக்கின்றன. அதை அறிந்த பட்டறைகளும் பல நாடுகளில் இருக்கின்றன. 1964-இல் வந்த 4.2 லிட்டர் காரில் எல்லா முன்கியர்களுக்கும் கியர்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோமெஷ், மின்சாரம் உண்டாக்க டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், வசதியான இருக்கை என்று அன்றாட ஓட்டத்துக்கு உகந்த திருத்தங்கள் வந்துவிட்டன. தூய்மையான உருவமும் கெடவில்லை. ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு அந்தக் காலத்துக் காரே என் தேர்வு. ஆனால் வாங்கும் விலையும் உடலைச் சீரமைக்கும் செலவும் மிக உயரம். கார் வாங்கிய பின் கையில் மிச்சமே இல்லாமல் போனால் இ-டைப் உங்களைத் துன்புறுத்தும்.

1966-இல் பிறந்து, சில மாற்றங்களோடு 1993 வரை தயாரான ஆல்ஃபா ஸ்பைடரையே முதல் பழைய காராக நான் சொல்வேன். அதன் அலுமினிய எஞ்சினில் இரட்டை கேம்களைச் சுழற்றுவது செயின். அறுந்துவிடுமோ என்ற பெல்ட் பயம் இல்லை. ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், கையில் எடுத்துப் பார்க்கும்படி எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும் எஞ்சின் அறை. இரண்டாம் கியரின் சிங்க்ரோ முதலில் தேயும்; காலையில் எண்ணெய் சூடாகும்வரை இரண்டாம் கியருக்கு மெதுவாக மாற்றினால் அது நெடுநாள் வரும். அடித்தகட்டையும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியையும் மட்டும் ஈவிரக்கமின்றிச் சோதித்துவிடுங்கள். அதில் தேறிய ஸ்பைடர் எளிதில் உரிமையாளரை நடுச்சாலையில் விடாது.

பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்பே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எழுகிறது, ஆயில் அழுத்தம் எவ்வளவு விரைவில் ஏறுகிறது, முதல் புகை என்ன நிறம் என்பவை மூன்றும் அதன் உடல்நிலையைச் சொல்லும். நன்கு சூடான பிறகு சும்மா ஓடவிட்டு அழுத்தத்தை மீண்டும் பாருங்கள். அந்த மாடலை மட்டுமே வேலை செய்து பழகிய ஒரு மெக்கானிக்கைப் பணம் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். எல்லாக் காரும் தெரிந்தவரைவிட இவர் கண்ணுக்கு அதிகம் படும். பேரம் முடிந்த பிறகு மெக்கானிக்கைத் தேடுவது பலரும் செய்வது. முதலில் மெக்கானிக்கைக் கண்டுபிடித்து, அவர் எந்த மாடலை மனமுவந்து ஏற்றுக்கொள்வார் என்று கேட்டறிந்து, அதற்குப் பிறகு காரைத் தேடுங்கள். வாங்கும் தொகையில் ஒரு பகுதியை முதல் ஆண்டின் வேலைக்கென ஒதுக்கி வைத்து, குழாய்கள், பிரேக், கூலன்ட், டயர், எர்த் என்ற வரிசையில் முடித்துவிட்டு, நெடும்பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைக்குப் போக வேறொரு கார் கட்டாயம் இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறையேனும் எண்ணெய் முழுவதும் சூடாகும் தூரத்துக்கு இதை ஓட்டுங்கள்.